ஸ்டாக்கும் எங்கள் மேல்மலை மைதானமும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டிச் செல்லும் சாலையில், மேல்மலைக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த ஒரே ஒரு படி. அதற்குக் கீழே பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிகள் ஓடைவரை இறங்குகின்றன. பந்து ஓரத்தைத் தாண்டினால் இரண்டு மூன்று படிகள் குதித்துத்தான் நிற்கும் என்பதால், அதை எடுத்துவர ஒவ்வொரு நாளும் ஒருவர் முறைவைத்து ஓரத்தில் நிற்பது இங்கே வழக்கம். பிள்ளைகள் அதற்குப் ‘பந்துப் பொறுப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது தண்டனை போலத் தோன்றினாலும், துள்ளி வரும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அங்கே நின்று பழகியவர்கள் அளவுக்கு வேறு யாரும் கற்றுக்கொள்வதில்லை.

எங்களிடம் ஆட்டத்துக்கு ஒரு மைதானம், பருவத்துக்கு ஒரு கருவி என்றெல்லாம் கிடையாது. ஒரே மண்ணில் காலையில் கபடி, மாலையில் கூடைப்பந்து, சனிக்கிழமை வாலிபால். எந்தப் பிள்ளையும் எல்லா ஆட்டத்தையும் ஆடித்தான் வளர்கிறது. இதை நெடுங்காலம் ஒரு குறையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். ஏமஸ் அலான்ஸோ ஸ்டாக் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கையை முழுதாகப் படித்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. பேஸ்பால், அமெரிக்கன் ஃபுட்பால் என இரண்டு ஆட்டங்களில் கல்லூரி வீரராகப் புகழ்பெற்று, பிறகு எழுபது ஆண்டுகள் பயிற்சியாளராக வாழ்ந்தவர் அவர். ஓர் ஆட்டத்தில் கற்றதை இன்னோர் ஆட்டத்துக்கு எடுத்துச் செல்வதையே தம் தொழிலாகச் செய்தவர் என்று நான் அவரைப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஸ்டாக் 1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி; வீட்டில் எட்டுப் பிள்ளைகள். கல்லூரிக்குத் தயாராவதற்காக எக்ஸெட்டர் பள்ளியில் சேர்ந்தபோது, கையில் இருந்த காசு குறைவு என்பதால் கூரைக்கு அடியில் இருந்த சிறு அறை ஒன்றில் தங்கி, ரொட்டியும் பாலுமே பெரும்பாலும் உணவாகக் காலம் கழித்திருக்கிறார். பிறகு பாதிரியாராக வேண்டும் என்ற நோக்கத்தோடு யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நடுத்தர உயரம், மெலிந்த உடல். ஆனால் பந்து வீசும் கை நல்ல கை.

பேஸ்பால் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் பந்து தரையில் பட்டு எழும்பி வருவதில்லை. வீசுபவரின் கையிலிருந்து நேராக மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியில் வந்து சேர வேண்டும். ஸ்டாக் ஆடிய 1880களில் வீசுபவர் நின்ற தூரம் சுமார் 50 அடிதான். இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893இல் வந்தது. அவ்வளவு அருகிலிருந்து வீசும்போது வேகத்தைவிடத் துல்லியம்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். பிரின்ஸ்டன் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் இருபது முறை மட்டைக்காரர்களைப் பந்தை அடிக்கவிடாமலே வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார். யேல் அணி அவருடைய வீச்சின் பலத்தில் ஐந்து முறை கல்லூரிச் சாம்பியன் ஆனது.

அந்தப் புகழைப் பார்த்துத் தொழில்முறை அணிகள் அவரைத் தேடி வந்தன. நியூயார்க் அணி ஒரு பருவத்துக்கு 4,200 டாலர் தருவதாகச் சொன்னது. செருப்புத் தைப்பவரின் மகன் அதை மறுத்துவிட்டார். தொழில்முறை மைதானங்களில் மது விற்பனை நடந்ததும் அங்கிருந்த சூழலும் அவருக்கு ஒப்பவில்லை. இந்த இடத்தில் நான் அவரோடு முழுமையாக உடன்படவில்லை. விளையாட்டுக்குக் கூலி வாங்கக்கூடாது என்ற அன்றைய கொள்கை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதாக இருந்தது. என் மாணவன் ஒருவனுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தால், முதல் பேருந்திலேயே அவனை ஏற்றி அனுப்புவேன். ஆனால் ரொட்டியும் பாலும் தின்று படித்த ஒருவர் அதை மறுத்தார் என்பதில் ஒரு கனம் இருக்கிறது. பணம் இருந்தவர் மறுத்ததற்கும் இவர் மறுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை மறக்கக்கூடாது.

ஃபுட்பாலுக்கு அவர் பிந்தித்தான் வந்தார். அமெரிக்கன் ஃபுட்பால் என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லையை நோக்கி ஓடுவதும், ஓடுபவரை மறித்து வீழ்த்துவதும்தான் அதன் சாரம். அந்தக் காலத்தில் மூன்று முயற்சிகளுக்குள் 5 கஜம் முன்னேறியாக வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே ஆட்டம் மோதலாகவே இருந்தது. 1888இல் வால்ட்டர் கேம்ப் வழிநடத்திய யேல் அணி அந்தப் பருவம் முழுவதும் 698 புள்ளிகள் எடுத்து, ஒரு புள்ளியைக்கூட எதிரணிகளுக்குக் கொடுக்கவில்லை. அந்த அணியில் வரிசையின் ஓரத்தில் ஆடியவர் ஸ்டாக். அடுத்த ஆண்டு முதன்முறையாக வெளியிடப்பட்ட அகில அமெரிக்கக் கல்லூரி அணிப் பட்டியலில் அவருடைய பெயர் இடம்பெற்றது.

பேஸ்பால் வீசுபவர் ஃபுட்பாலுக்கு வந்தபோது தம்மோடு கொண்டுவந்தது பயிற்சி முறையை. துல்லியம் என்பது ஆட்டத்தின்போது வருவதில்லை, அதற்கு முன் நூறு முறை தனியாகச் செய்து பார்த்ததால் வருவது என்று வீசுபவருக்குத் தெரியும். தோழர்களை ஒருவர்மேல் ஒருவர் விழவைத்துக் காயப்படுத்தாமல் மறித்து வீழ்த்துவதைப் பழக்க, மெத்தையைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டு அதன்மேல் பாயச் சொன்னார். இன்று எல்லா அணிகளும் பயன்படுத்தும் பயிற்சிப் பொம்மையின் தொடக்கம் அந்த மெத்தை. குளிர்காலத்தில் மட்டையடிக்கப் பழகுவதற்கு உள்ளரங்கில் வலை கட்டி மறைத்த கூண்டையும் அவர் அமைத்தார். எங்கள் மைதானத்தின் சரிவுப் பக்கம் தைலமரக் கம்புகளை நட்டு, விவசாயிகள் நாற்றுக்குப் போட்டு மிச்சமான பச்சை நிழல்வலையைக் கட்டியிருக்கிறோம். பந்து பூண்டுப் பாத்தியில் விழுந்து திட்டு வாங்காமல் இருக்கத்தான் அதைக் கட்டினோம். ஆனால் வலை வந்த பிறகு பிள்ளைகள் பயமின்றி ஓங்கி அடிக்கிறார்கள், அதனால் அடியும் சீர்பட்டிருக்கிறது. ஸ்டாக்கின் கூண்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வலைதான் நினைவுக்கு வந்தது.

பாதிரியாராகும் திட்டம் நடுவில் நின்றுபோனது. மேடையில் நின்று பேசுவது தமக்கு வரவில்லை என்பதை அவரே கண்டுகொண்டார். இளைஞர்களை நல்வழிப்படுத்த மேடைதான் வேண்டுமா, மைதானம் போதாதா என்ற கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொல்ல முடிவுசெய்து, 1890இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவர் திரட்டிய ஃபுட்பால் அணியில் ஆடிய கனடாக்காரர்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

1891 டிசம்பரில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்ற நெருக்கடியில் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். பாறைமேல் வைத்த கல்லைக் கல்லெறிந்து தள்ளும் தம் சிறுவயது விளையாட்டிலிருந்து, பந்தை வளைவாக மேலே தூக்கிப் போடும் யோசனையை எடுத்தார். பந்தைக் கால்பந்திலிருந்து எடுத்தார். இரண்டு பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்தார். பதின்மூன்று விதிகளோடு, அணிக்கு ஒன்பது பேராக ஆட்டம் தொடங்கியது. முழுக்க இரவல் பொருள்களால் கட்டிய வீடு அது. இதை வகுப்பில் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “நம்ம பேரிக்காய்க் கூடை மாதிரியா சார்?” என்று கேட்டான். மறுநாள் அவனே வீட்டிலிருந்து ஒரு கூடையைக் கொண்டுவந்துவிட்டான். கம்பத்தில் கட்டி ஆடிப் பார்த்தோம். அடி திறவாத கூடை என்பதால் ஒவ்வொரு முறையும் ஒருவன் ஏறிப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டிலும் அப்படித்தான் ஏணி வைத்து எடுத்தார்கள் என்று சொன்னதும், ஏறுவதற்குப் போட்டியே வந்துவிட்டது.

1892 மார்ச்சில் பொதுமக்கள் முன்னிலையில் முதன்முதலாக நடந்த கூடைப்பந்து ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் மோதினார்கள். மாணவர்கள் 5–1 என வென்றார்கள். ஆசிரியர்களுக்குக் கிடைத்த அந்த ஒரே புள்ளி ஸ்டாக் போட்டது.

அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்கின் ஆசிரியராக இருந்தவர். அவர் ஸ்டாக்கை வெறும் பயிற்சியாளராக அழைக்கவில்லை. உடற்பயிற்சித் துறையின் இயக்குநராக, நிரந்தரப் பணியுடன், இணைப் பேராசிரியர் என்ற தகுதியில் நியமித்தார். ஸ்டாக்கின் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இதுதான். வென்றால் மாலை, தோற்றால் வெளியே என்றிருந்த ஒரு வேலையை, கணிதமும் கிரேக்கமும் கற்பிப்பவரோடு ஒரே வரிசையில் உட்காரும் ஆசிரியர் பணியாக ஒரு பல்கலைக்கழகம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும், தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கேட்டு வாங்குவது நம் பள்ளிகளில் பேசாமலே நடக்கும் ஏற்பாடாக இருக்கிறது. நானும் கொடுத்திருக்கிறேன். கொடுத்த ஒவ்வொரு முறையும் வருந்தியிருக்கிறேன்.

முதல் ஆண்டில் சிகாகோவில் அணிக்கு ஆள் போதவில்லை. பேராசிரியரான ஸ்டாக்கே உடைமாற்றிக்கொண்டு மாணவர்களோடு களத்தில் இறங்கினார். ஃபுட்பாலோடு பேஸ்பால், தடகள அணிகளையும் அவரே பல்லாண்டுகள் பயிற்றுவித்தார். 1896 ஜனவரியில் அயோவாவுக்கு எதிராக அவருடைய மாணவர்கள் அணிக்கு ஐந்து பேராக ஆடிய கூடைப்பந்து ஆட்டம், கல்லூரிகளுக்கு இடையே அப்படி நடந்த முதல் ஆட்டம். சிகாகோ 15–12 என வென்றது. இன்று குறுவட்டப் போட்டிக்கு நான் ஐந்து பேரை இறக்கும்போது அந்த எண்ணிக்கை அங்கிருந்து வருகிறது என்பதை நினைத்துக்கொள்வேன்.

வெற்றிகளை எல்லாம் அடுக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1905இல் மிச்சிகன் அணி 56 ஆட்டங்களாகத் தோல்வியே அறியாமல் வந்துகொண்டிருந்தது. சிகாகோ அதை 2–0 என்ற கணக்கில் வீழ்த்தியது. அதே ஆண்டில்தான் ஃபுட்பால் மைதானங்களில் நேர்ந்த இறப்புகளால் நாடே கலங்கி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. 1906இல் பந்தை முன்னோக்கி எறிவதை விதிகள் அனுமதித்தன. மோதிக்கொண்டே இருந்த ஆட்டம் விரிந்து, ஓட்டமும் எறிதலும் கலந்ததாக மாறத் தொடங்கியது. விதிகளை வகுத்த குழுவில் ஸ்டாக்கும் இருந்தார். வந்த மாற்றத்தை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களிலும் அவர் ஒருவர். எறிந்து பழகிய பேஸ்பால் கைக்கு அந்த விதி அந்நியமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அவருடைய மனைவி ஸ்டெல்லாவைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் போவது நியாயமாகாது. 1894இல் திருமணமான அவர், ஆட்டங்களைக் குறிப்பெடுத்து, எதிரணிகளின் போக்கை வரைபடமாக்கிக் கணவருக்குக் கொடுத்தார். ஸ்டாக்கின் பயிற்சித் திட்டங்களில் பாதிக்கு அவருடைய கண்கள்தான் ஆதாரம்.

1932இல் எழுபது வயதானதும் சிகாகோ அவருக்கு ஓய்வு கொடுத்தது. நாற்பது ஆண்டுப் பணி. அவருக்கு அதில் விருப்பமில்லை. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் இருந்த பசிஃபிக் கல்லூரிக்குச் சென்று மேலும் பதினான்கு ஆண்டுகள் பயிற்றுவித்தார். 1943இல், 81ஆம் வயதில், அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கிடையே சிகாகோ தன் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. அவர் பெயரைத் தாங்கியிருந்த ஸ்டாக் ஃபீல்டின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், 1942 டிசம்பர் 2 அன்று, இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு தன்னைத்தானே தொடரும் முதல் அணுக்கரு வினையை நிகழ்த்தியது. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் என்னிடம் அந்த மைதானத்தின் பெயரைச் சொன்னபோது, அந்தப் பெயருக்குரியவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று அவருடைய பாடவேளை முடியும்வரை இருவரும் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

பசிஃபிக்கிலிருந்து விலகிய பிறகு பென்சில்வேனியாவில் மகனோடு சேர்ந்து பயிற்றுவித்தார். பிறகு மறுபடியும் ஸ்டாக்டனுக்கே வந்து, அங்கிருந்த சிறு கல்லூரி ஒன்றில் பந்தை உதைக்கும் வீரர்களுக்கு மட்டும் ஆலோசகராக இருந்தார். 1960இல், 98ஆம் வயதில், அதையும் நிறுத்திக்கொண்டார். ஃபுட்பாலில் அவர் பெயரில் இருந்த 314 வெற்றிகளை 1981இல்தான் ‘பேர்’ பிரையன்ட் என்னும் பயிற்சியாளர் கடந்தார். 1965 மார்ச் 17 அன்று ஸ்டாக்டனில் 102ஆம் வயதில் காலமானார். கல்லூரி ஃபுட்பாலின் புகழ்க்கூடத்தில் வீரராகவும் பயிற்சியாளராகவும், கூடைப்பந்தின் புகழ்க்கூடத்திலும் அவர் பெயர் இருக்கிறது.

அவர் எங்கள் மலைக்கு வந்ததில்லை. ஆனால் அவர் நின்ற ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒரு வழி இங்கே வந்து சேர்கிறது. அதே பள்ளியில் பிற்காலத்தில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியை அழைத்துச் சென்றவர் பக். அதே ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தடகள வீரர்களின் பயிற்சியாளர்களில் ஒருவர் ஸ்டாக். நான் படித்தது பக் தொடங்கிய அந்த நந்தனம் கல்லூரியில்தான். அங்கே எங்கள் ஆசிரியர் ஒருவர் கூடைப்பந்தின் வரலாற்றை நடத்தும்போது, “ஆசிரியர்கள் பக்கம் ஒரு புள்ளி எடுத்தவர் பெயரை யாராவது சொல்லுங்கள்” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரும் அன்று பெயரைச் சொல்லாமல், தேடிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

இப்போது இதையெல்லாம் எழுதத் தூண்டியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கபடியில் மூலையில் நின்று பிடிப்பவள். கூடைப்பந்தில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சென்ற மாதம் மூடுபனி இறங்கி எதிர்ப்பக்க வளையம் பாதி மறைந்திருந்த ஒரு மாலையில், பத்தாம் வகுப்புப் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தாள். பந்தோடு வந்த பையன் தலையை இடப்பக்கம் ஆட்டினான், தோளை வலப்பக்கம் சாய்த்தான். மற்ற எல்லாரையும் ஏமாற்றும் அசைவு அது. அவள் முழங்காலை மடித்து, கைகளை விரித்து, அசையாமல் நின்று, அவன் உண்மையாகவே திரும்பிய நொடியில் பந்தைத் தட்டி எடுத்துவிட்டாள். மூன்று முறை அப்படியே நடந்தது. எப்படி என்று கேட்டேன்.

“பாடி வர்றவ கண்ணப் பாத்தா ஏமாந்துருவோம், இடுப்பத்தான் பாக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க” என்றாள்.

அதை நான் கபடியில் சொன்னேன். கூடைப்பந்தில் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டும் ஒன்றே என்பதை அவளாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவளுடைய விண்ணப்பத்தை அனுப்பினேன். படிவத்தில் ‘விளையாட்டு’ என்ற இடத்தில் ஒரு வரிதான் இருந்தது. அதில் கபடி, கூடைப்பந்து என இரண்டையும் எழுதியிருந்தேன். ஏதாவது ஒன்றை மட்டும் எழுதி அனுப்பும்படி திருப்பிவிட்டார்கள். பதினான்கு வயதில் ஒரு பிள்ளையை ஒரே ஆட்டத்துக்குள் அடைப்பது தவறு என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இம்மாதம் 28 கடைசித் தேதி.

எதை எழுதட்டும் என்று நேற்று அவளிடமே கேட்டேன். “மேட்ச் முடியட்டும் சார், சொல்றேன்” என்றவள், அன்று தன் முறை என்பதால் பந்துப் பொறுப்புக்காக வலையோரம் போய் நின்றாள்.